முன்பிருந்த மனப்பான்மை

காலம் மாறிவிட்டது. இது யாரோ போகிற போக்கில் சொன்னதில்லை. இதைச் சொல்வதற்கென்றே மூன்று மாடிக் கட்டடம் கட்டி, நூற்றுப்பத்துப் பேருக்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்து அரசாங்கமே சொல்கிறது. கட்டடத்தின் பெயர் மனப்பான்மை மாற்றத் துறை. முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகிற பெண் கர்ப்பமாகிவிட்டால் என்ன செய்வார்கள்? பெயரை வெட்டுவார்கள். பெற்றவர்களைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள். தெருவே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும். என்ன காட்டுமிராண்டித்தனம்! இப்போது அப்படியெல்லாம் கிடையாது. இப்போது படிவம் இருக்கிறது.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படிவம் இருப்பது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதினாலு கட்டடங்களின் லிஃப்டுகளும், பெண்டாட்டியும், வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிற பதினேழு வயது மகளும்தான். பாப்பாவுக்குப் பள்ளியில் அது கடைசி வருடம். கணக்கில் புலி. எது நடந்தாலும் அப்பாவிடம்தான் முதலில் வருவாள். அன்றைக்கும் அப்படித்தான், அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தைத் தேடிப் பிடித்து, மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்கே ஏறி வந்துவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டுவியா?"

"சொல்லு."

சொன்னாள். மோட்டார் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பயந்து வெளுத்துப்போயிருந்தது. அவருக்கு வாயில் வந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"சாப்ட்டியா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினார். அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

வீட்டில் அம்மா அப்படியில்லை. மூன்று நாள் வாய் ஓயவில்லை. சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாள். நாலாம் நாள் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு தேம்பினாள். அந்தப் பையன் அதே வகுப்புதான். அவன் வீட்டுக்குப் போனபோது, "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று ஒரு வரி சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவன் வழக்கம்போல இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் தலைமையாசிரியை பெற்றோரைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"நாங்க யாரையும் வெளிய அனுப்பறதில்ல சார். அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. சமூக ஏற்புச் சான்றிதழ் ஒண்ணு மட்டும் மாசக் கடைசிக்குள்ள வாங்கிக் குடுத்துடுங்க. பொண்ணு ஜம்முனு பரீட்சை எழுதலாம்."

"குடுக்கலேன்னா பேரை எடுத்துடுவீங்களா?"

"ஐயையோ, எடுக்கவே மாட்டோம். அதுவாவே விழுந்துடும்."

மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பாப்பா எதைப் பற்றியும் பேசுவதை விட்டிருந்தாள். பரீட்சையைப் பற்றி மட்டும் பேசினாள். "அதுவும் போச்சுன்னா எனக்கு என்னப்பா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். மெக்கானிக் அன்றைக்கே லீவு போட்டார்.

மனப்பான்மை மாற்றத் துறைக்கு அவர் புதியவரில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். மாதம் ஒருமுறை போவார். "வாங்க மெக்கானிக்" என்று எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்குக் கையில் பை இல்லாமல் தகப்பனாகப் போனதால் வாசல் காவலர் படிக்கட்டைக் காட்டினார். லிஃப்ட் ஊழியர்களுக்கு மட்டுமாம். போன வாரம் எண்ணெய் போட்டவரே மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்.

அங்கே இருந்த எழுத்தர் சாதுவான மனிதர். எதைச் சொன்னாலும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், அக்கம்பக்கத்துல பத்துப் பேர் ஆளுக்கொரு படிவத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க பொண்ணை அவங்க ஏத்துக்கிட்டாங்கன்னு. பெத்தவங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒண்ணொண்ணு உண்டு."

படிவத்தில் ஐந்து கட்டம். பெயர், கதவு எண், பெண்ணை எத்தனை வருடமாகத் தெரியும் என்று முதல் மூன்று. நாலாவது: முன்பிருந்த மனப்பான்மை, சொந்த வார்த்தைகளில், சொந்தக் கையெழுத்தில். ஐந்தாவது: தற்போதைய மனப்பான்மை. அதில் மட்டும் 'முழு மனதோடு ஏற்கிறேன்' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது.

"இது ஏன் சார் அச்சாயிருக்கு?"

"ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிடறாங்க. நல்ல விஷயம் ஒரே சீரா இருக்கட்டுமேன்னு."

"எங்க கட்டடத்துல யாருக்கும் விஷயம் தெரியாது சார்."

"தெரியாம எப்படி ஏத்துப்பாங்க? நீங்கதான் வீடு வீடாப் போய்ச் சொல்லணும்."

மெக்கானிக் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் பையனுக்கும் இந்த மாதிரி உண்டா?"

"உண்டு சார். கண்டிப்பா உண்டு. அந்தப் படிவம் இன்னும் அச்சாகி வரல."

மெக்கானிக் முதலில் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனார். அந்த அம்மாள் இரண்டு மாதமாகவே பாப்பாவின் பள்ளிச் சீருடையை, ஒரு வார்த்தை கேட்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அகலம் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். 'எப்பவும் பாவமாத்தான் நினைச்சேன், தங்கமான பொண்ணு' என்று நாலாவது கட்டத்தில் எழுதிக் கொடுத்தாள். மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. சரிபார்த்துவிடலாம் என்று மறுநாள் காலையே எடுத்துக்கொண்டு ஓடினார்.

எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க, இது செல்லாது. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மாற்றம் எங்க இருக்கு?"

"அந்தம்மா ஆரம்பத்துலேருந்தே நல்லவங்க சார்."

"அது அவங்க சொந்த விஷயம். அதுல துறைக்கு என்ன பங்கு?"

மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. அவருக்கு இது புரிந்தது. லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்திலும் இரண்டு கட்டம் உண்டு: பழுது, சரிசெய்த விவரம். பழுது கட்டம் காலியாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் எதையும் எழுத முடியாது. இருபது வருடமாக அவர் எழுதி வருகிற கணக்கைத்தான் இந்த மனுஷன் பேசுகிறார். ஆக, பத்து நல்லவர்களால் தன் மகளுக்கு ஒரு புண்ணியமும் கிடையாது. அவளை முதலில் ஏசுகிற பத்துப் பேர் வேண்டும்.

நல்லவேளை, அதற்குப் பஞ்சம் இருக்கவில்லை. இரண்டாம் மாடி ரிட்டயர்டு மேனேஜர் விஷயத்தைக் கேட்டதும் "அப்படியா! உள்ள வாங்க, உக்காருங்க, உக்காருங்க" என்று உபசரித்தார். மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். 'வளர்ப்பு சரியில்லை' என்பதற்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார்.

மெக்கானிக் மெதுவாகக் கேட்டார். "முன்பிருந்த மனப்பான்மைன்னு இருக்கு சார். உங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் விஷயமே தெரியாதே?"

"நீங்க சொல்லி முடிச்சதுக்கும் நான் பேனாவை எடுத்ததுக்கும் நடுவுல பத்து நிமிஷம் ஆச்சா இல்லையா? அந்தப் பத்து நிமிஷத்துல இருந்த மனப்பான்மை."

அப்புறம் மெக்கானிக் கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. விஷயம் கட்டடம் முழுக்கப் பரவி, ஆட்கள் தாமாகவே பேனாவோடு வந்தார்கள். கீழ்வீட்டு அக்கா நிஜமாகவே கோபித்துக்கொண்டாள். "பத்து வருஷமாப் பழகறோம். எங்களை விட்டுட்டு யார் யார்கிட்டயோ வாங்கியிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லாயிருக்கா?" அவளுக்கும் ஒரு படிவத்தை நீட்டினார். ஒவ்வொருவரும் எழுதி முடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முதுகைத் தட்டி, "கவலைப்படாதீங்க, நாங்கல்லாம் இருக்கோம்" என்றார்கள்.

ஒன்பது ஆயிற்று. பத்தாவதாகத் தையல்காரம்மாவே மறுபடி வந்தாள். தன் வரி செல்லாமல் போனதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பேனா ஓடவில்லை.

"எனக்கு வரமாட்டேங்குதுண்ணே. நீங்களே ஏதாவது சொல்லுங்க, எழுதிடறேன்."

மெக்கானிக் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே பாப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குரலை இறக்கி, பெற்ற மகளைப் பற்றி அவரே சொன்னார். "அடங்காத பொண்ணுன்னு எழுதுங்கம்மா." அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி எழுதினாள். எழுதி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

துறையில் ஒரு விதி உண்டு. படிவத்தில் இருப்பதை மனுதாரர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மூன்றாம் மாடிக் கூடத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். எழுத்தர் பத்து வீட்டு வார்த்தைகளையும், பஸ் வருகிற நேரத்தை அறிவிக்கிற குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார்.

"'ஒலுக்கம்'னு போட்டிருக்காங்க. ழகரம் வரணும். திருத்திடுங்க."

மெக்கானிக் குனிந்து, மகளுக்கு இல்லை என்று யாரோ எழுதிய ஒழுக்கத்தை அவர் கையாலேயே பிழையில்லாமல் திருத்திக் கொடுத்தார்.

"பத்தும் சரி. இனிமே பெற்றோர் படிவம். அம்மாவோடது பிரமாதம் சார்! அந்த மூணு நாள் பேசினதை ஒரு வார்த்தை விடாம எழுதியிருக்காங்க. மத்தவங்களுக்கு மாதிரியாக் காட்ட எடுத்து வெச்சுக்கலாமான்னு டைரக்டர் மேடம் கேட்டாங்க. உங்களோடதுதான்..." நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

"எனக்கு அப்படி எதுவும் தோணல சார்."

"விஷயம் தெரிஞ்சதும் என்ன சொன்னீங்க?"

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

எழுத்தர் பேனாவை மூடினார். இந்தத் தடவை 'தப்பா எடுத்துக்காதீங்க' என்றுகூடச் சொல்லாமல், "மேடத்தைப் பாருங்க" என்றார்.

இயக்குநர் அம்மையாரின் அறையில் கேடயங்கள் அடுக்கியிருந்தன. அம்மையார் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவ்வளவு பெரிய அதிகாரி எழுந்து நின்றதால் மெக்கானிக்கும் உட்காரவில்லை.

"நாங்க யாரையும் தண்டிக்கறவங்க இல்ல. அதை முதல்ல நீங்க மனசுல வெச்சுக்கணும். ஆனா ஒரு அப்பா கோபப்படலேன்னா அதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, பொண்ணு மேல அக்கறை இல்ல. இல்லேன்னா, அவ வாழ்க்கையில என்ன நடந்தாலும் பரவாயில்லேன்னு விட்டுட்டீங்க. இதுல எது?"

"பொண்ணு பயந்துபோயிருந்தா மேடம். அதான்."

"அது காரணம் இல்ல. அது சூழ்நிலை." அம்மையார் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறேன். ஆறு வருஷத்துல நாப்பதாயிரம் மனப்பான்மையை மாத்தியிருக்கோம். ஆரம்பத்துல நல்ல வரவு. ஒவ்வொரு தெருவுலயும் ஜனங்க அப்படி ஏசுவாங்க, கேக்கவே மனசுக்கு நிறைவா இருக்கும். இப்ப கொஞ்ச நாளா அவங்களாவே திருந்திடறாங்க. போன வருஷம் மட்டும் இருநூறு பேர், எங்களைக் கேக்காமலே நல்லவங்களா இருந்திருக்காங்க. இப்படியே போனா நாங்க எதை மாத்தறது? நூத்திப்பத்துக் குடும்பம் சார் இந்தக் கட்டடத்துல."

"எழுதலேன்னா என்ன ஆகும் மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. பெற்றோர் அலட்சியம்னு ஒரு கோப்புத் திறப்போம். பொறுப்பில்லாத வீட்டுல பொண்ணை வெச்சிருக்க முடியாதில்ல? பிரசவம் வரைக்கும் எங்க அரவணைப்பு இல்லத்துல இருப்பா."

"அங்க ஸ்கூல் இருக்கா?"

"கூடை பின்னக் கத்துக்கலாம்."

மெக்கானிக் அங்கேயே, அந்த மேஜை மூலையிலேயே படிவத்தை வைத்து எழுதினார். 'கொஞ்சம் வருத்தமாக இருந்தது.' அம்மையார் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "வருத்தம் எல்லாருக்கும் வரும்." அடித்துவிட்டு, 'கோபம் வந்தது' என்று எழுதினார். "என்ன கோபம்? எவ்வளவு? ஒரு தகப்பன் மனசுலேருந்து வரணும் சார். ரிட்டயர்டு மேனேஜர்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, யாரோ மூணாம் மனுஷன், அவருக்கு இருக்கிற ஈடுபாடு உங்களுக்கு இல்லையே." புதுப் படிவம் வந்தது. மாசக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பாப்பா பரீட்சைக்கென்று புதுப் பேனா வாங்கி வைத்திருந்தாள்.

மெக்கானிக் எழுதினார். 'இவள் பிறக்காமலே இருந்திருக்கலாம்.'

அப்படி ஒரு நினைப்பு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. சத்தியமாக வந்ததில்லை. ஆனால் முதல் இரண்டு வரிக்கும் முக்கி முனகிய பேனா இந்த வரிக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மையார் படித்துப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். நிஜமாகவே கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களா, உள்ள இருந்திருக்கு. நாமதான் வெளிய கொண்டுவரணும்."

சான்றிதழ் வந்தது. பளபளவென்று, ஓரத்தில் பூவேலையோடு. பெயர் விழவில்லை. பாப்பா ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். தையல்காரம்மா கடைசியாக ஒருமுறை அகலம் விட்டுத் தைத்துக் கொடுத்த சீருடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். தெருமுனை வரை அப்பா கூடப் போனார்.

சான்றிதழைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் வைக்க வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விழிப்புணர்வுக்காகவாம். இணைப்புகளோடு வைக்க வேண்டுமாம். பன்னிரண்டு தாள்களும் வரிசையாகக் குத்தியிருந்தன. எழுதிக் கொடுத்தவர்களின் அந்தரங்கம் கெடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள். பாப்பாவின் பெயரை மறைக்கவில்லை. சமூகம் ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு மறைக்க என்ன இருக்கிறது? கடைசி இரண்டு தாளில், தாய், தந்தை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாவது பெஞ்சுப் பையன் உட்பட வகுப்பே நின்று படித்தது. பாப்பாவும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நின்று படித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கழற்றி வைத்தாள். முகம் கழுவினாள். மெக்கானிக் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்டபோது, கணக்கு வாத்தியார் நடத்தியதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நல்லதெல்லாம் அச்சுலப்பா இருக்கு. கெட்டதெல்லாம் அவங்கவங்க கையெழுத்துல இருக்கு."

அவருக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. "பாப்பா, அது... அந்த டைரக்டரம்மா வேற எதையுமே ஒத்துக்கல. உன் பரீட்சைக்காகத்தான்..."

"தெரியும்பா. அம்மா எழுதினது எனக்குப் பெரிசாத் தெரியல. என் மூஞ்சிக்கு நேரா சொன்னதுதானே. உன்னோடதுதான் நான் கேட்டதில்ல."

"அது பொய்டா."

"சரிப்பா" என்றாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எதிலும் குறை வைக்கவில்லை. கேட்டால் பதில் சொன்னாள், கூப்பிட்டால் வந்தாள். ஒருநாள் வலி வந்து டாக்டரிடம் போனதுகூடப் பிறகு தையல்காரம்மா சொல்லித்தான் மெக்கானிக்குக்குத் தெரிந்தது.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுத்தர் வீட்டுக்கே வந்தார். பின்தொடர் ஆய்வாம். பயனாளியே நிரப்ப வேண்டிய படிவம், பெற்றோரைப் பற்றியது. அதே ஐந்து கட்டம். ஐந்தாவதில், 'பெற்றோரின் பொறுப்புணர்வை முழு மனதோடு ஏற்கிறேன்' என்று அச்சடித்திருந்தது. "தப்பா எடுத்துக்காதம்மா, நாலாவது கட்டத்துக்கு எல்லாரும் ரொம்ப நேரம் எடுத்துப்பாங்க. அவசரமில்ல, யோசிச்சு எழுது" என்றார்.

பாப்பா யோசிக்கவில்லை. நின்றவாக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். விதிப்படி, பெற்றோர் முன்னிலையில், எழுத்தர் வாய்விட்டுப் படித்தார்.

"முன்பிருந்த மனப்பான்மை: என்ன ஆனாலும் எங்க அப்பாகிட்ட மட்டும் போய்ச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன்."

எழுத்தர் நாலாவது கட்டத்தைப் பார்த்தார், ஐந்தாவதைப் பார்த்தார், மறுபடி நாலாவதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பையிலிருந்து முத்திரையை எடுத்தார்.

"உங்களுக்கு மூணு தடவை ஆச்சு சார். பொண்ணு பாருங்க, முதல் தடவையே பாஸ். மாற்றம் எவ்வளவு தெளிவாத் தெரியுது!"